பிரான்ஸில் முதல் கார் பயணம்: நான்கு கிராமப்புறங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

விசா வந்துவிட்டது. பாரிஸில் நான்கு நாளுக்கு அறையும் போட்டாயிற்று. அதற்குப் பிறகு ஒரு வாரம் கார் எடுத்துக்கொண்டு கிராமப்புறம் போகலாம் என்று ஆசை. எந்தப் பக்கம் போவது என்பதில்தான் வீட்டில் சண்டை. ஒருவருக்கு லாவெண்டர் வயல் வேண்டும், ஒருவருக்கு அரண்மனை வேண்டும், பத்து வயதுப் பிள்ளைக்குக் குகை ஓவியம் வேண்டும், கூட வரும் அம்மாவுக்கு வாய்க்கு ஒத்துவரும் சாப்பாடு கிடைத்தால் போதும். இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கைப்பேசியில் ஐம்பது படங்களாவது சேர்த்து வைத்திருப்பார்கள். படத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. நான்கு இடமும் அழகுதான். படத்தில் விழாதது சாலை.

லுவார் பள்ளத்தாக்கு, அல்சாஸ், தொர்தோன், புரோவான்ஸில் இருக்கும் லுபரோன் மலைப்பகுதி ஆகிய நான்கையும் இங்கே எடை போடுகிறேன். நார்மண்டிக்குக் கடைசியில் கொஞ்சம் இடம் உண்டு. நான் மனதில் வைத்திருப்பது இடப்பக்கம் ஓட்டிப் பழகிய ஒருவர், ஒரு வாடகை கார், ஏழு இரவு, பாரிஸிலிருந்து புறப்பாடு.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, வலப்பக்கம் ஓட்டப்போகும் அந்த முதல் ஒரு மணி நேரம் எங்கே கழியும் என்பது. கியர் மாற்ற இடது கை தானாகப் போகும். அங்கே கதவின் கைப்பிடிதான் இருக்கும். இண்டிகேட்டர் போட நினைத்தால் வைப்பர் ஆடும். இந்தக் கூத்தைப் பாரிஸ் சுற்றுச்சாலையில் நடத்தக் கூடாது. ரயிலில் போய், சின்ன ஊரின் நிலையத்தில் கார் எடுப்பதே புத்திசாலித்தனம். அதனால் அந்த நிலையத்துக்கும் தங்குமிடத்துக்கும் நடுவே எப்படிப்பட்ட சாலை என்பது முதல் கேள்வி.

அடுத்தது, ஒரே இடத்தில் தங்கி எத்தனை இடங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்பது. இதைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், நேரத்தில் அளக்க வேண்டும். நடுவே தடுப்பு இல்லாத கிராமப்புறச் சாலைகளில் 2018 ஜூலை முதல் வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ. (சில மாவட்டங்கள் மறுபடி 90 ஆக்கியிருக்கின்றன). ஊர்ப் பெயர்ப் பலகை வந்தாலே 50. மலைப்பாங்கான இடத்தில் 50 கி.மீ. போக ஒரு மணி நேரம் பிடிக்கும்.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: அங்கே கார் நிஜமாகவே வேண்டுமா? வாடகை, பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் கொடுத்துவிட்டு, ரயிலிலேயே போய்விடக்கூடிய ஊருக்குக் காரில் போவது வீண். சங்கடம் என்னவென்றால், கார் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் சாலையும் அதிகம் சோதிக்கும். இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்பது, அந்த இரண்டுக்கும் நடுவே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று முடிவு செய்வதுதான்.

மாதம், சாப்பாடு, பணம் எல்லாம் அதற்குப் பிறகு.

## லுவார்: சாலை சுலபம், அரண்மனை திகட்டும்

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போனால் சேன்-பியேர்-தே-கோர். துர் நகரத்தை ஒட்டிய நிலையம் இது. இங்கே கார் எடுத்து அம்புவாஸ் போக 25 கி.மீ. ஆற்றங்கரை மேட்டின் மேலேயே ஓடும் சமதளச் சாலை. மலை இல்லை, கொண்டை ஊசி வளைவு இல்லை. அம்புவாஸ் போய்ச் சேர்வதற்குள் இடது கை கதவைத் தேடுவதை நிறுத்தியிருக்கும்.

அம்புவாஸில் தங்கினால் ஷெனொன்சோ அரண்மனை கால் மணி நேரம். மேற்கே துர் நகரத்தைத் தாண்டினால் வில்லாந்த்ரி, அதற்கு 10 கி.மீ. தள்ளி அஸே-ல-ரிதோ. கிழக்கே புளுவா, அங்கிருந்து ஷாம்போர். எந்த நாளும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்கார வேண்டியிருக்காது. அம்புவாஸிலேயே லியனார்டோ டா வின்சி தன் கடைசி மூன்று ஆண்டுகளைக் கழித்த குளோ லூசே மாளிகை இருக்கிறது. 1519 மே மாதம் அங்கேதான் இறந்தார். அதே ஆண்டில்தான் ஷாம்போர் கட்டும் வேலையும் தொடங்கியது. ஷாம்போரின் நடுவே ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஏறும் இரட்டைப் படிக்கட்டு இருக்கிறது. ஒருவர் ஏற, ஒருவர் இறங்க, இருவரும் சந்தித்துக்கொள்ளவே மாட்டார்கள். பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு அரை மணி நேரம் நிம்மதியாக உட்காரலாம்.

எனக்குப் பிடித்தது ஷெனொன்சோ. ஷேர் ஆற்றின் குறுக்கே பாலம்போல நிற்கும் அரண்மனை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் இந்த ஆறுதான் எல்லை. அரண்மனையின் நீளக்கூடத்துக்கு ஒரு முனை இந்தப் பக்கம், மறுமுனை அந்தப் பக்கம். வில்லாந்த்ரியில் கட்டடத்தை விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பாருங்கள். முட்டைக்கோஸையும் கத்திரிக்காயையும் கோலம் போட்ட மாதிரி நட்டிருப்பார்கள். அம்மாக்களுக்கு மற்ற அரண்மனைகள் எல்லாம் மறந்துபோகும், இந்த ஒன்று மறக்காது.

குறை என்ன? மூன்றாவது அரண்மனைக்குள் நுழையும்போது எல்லாக் கணப்பும் எல்லாக் கட்டிலும் ஒரே மாதிரி தெரியத் தொடங்கும். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. நுழைவுச் சீட்டும் சும்மா இல்லை. நான்கு பெரியவர்கள் மூன்று பெரிய அரண்மனை பார்க்க 200 யூரோவுக்கு மேல்கூட ஆகிவிடும். மற்ற மூன்று பகுதிகளிலும் ஊரைச் சுற்றிப் பார்ப்பதே காட்சி, அதற்குச் சீட்டு இல்லை. அப்புறம், ஆறு அழகாக இருக்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள். லுவாரின் மணல் படுகையும் அடிநீரோட்டமும் ஆளை இழுக்கும்.

சாப்பாட்டில் ஆட்டுப்பால் சீஸுக்குப் பேர்போன பகுதி இது. சூடாக வாட்டிய சீஸை ரொட்டித் துண்டில் வைத்து, கீரை இலைகளோடு எல்லாக் கடையிலும் தருவார்கள். சோமூர் பக்கம் பாறையைக் குடைந்த குகைகளுக்குள் காளான் வளர்க்கிறார்கள். சைவர்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

## அல்சாஸ்: தூரம் குறைவு, காரும் பாதிதான் தேவை

அல்சாஸுக்கு ரயில் பாரிஸின் கிழக்கு நிலையத்திலிருந்து (கார் த லெஸ்த்) புறப்படுவதில் ஒரு சௌகரியம். அங்கிருந்து கொஞ்சம் வடக்கே நடந்தால் லா ஷப்பேல், பாரிஸின் தமிழ்க் கடைத்தெரு. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறலாம். ஸ்ட்ராஸ்பூர்க் ஒன்றேமுக்கால் மணி நேரம்.

அல்சாஸின் வைன் சாலை 1953இல் திறக்கப்பட்டது. மார்லென்ஹைமில் தொடங்கி தான் என்ற ஊர் வரை சுமார் 170 கி.மீ. வோஜ் மலையின் அடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஊர் ஊராக நெளிந்து போகும். கோல்மாரில் தங்கினால் எகிஷெம், கேசர்ஸ்பெர்க், ரிக்விர் எல்லாம் கால் மணி, இருபது நிமிடம். மழைமேகத்தை வோஜ் மலை தடுத்துவிடுவதால் பிரான்ஸிலேயே மழை குறைந்த ஊர்களில் கோல்மாரும் ஒன்று. கூரைமேல் நாரைக் கூடு, ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி, மரச்சட்டம் போட்ட வீடு. ஊர்ப் பெயர் எல்லாம் ஜெர்மன். 1871இலிருந்து 1945 வரை நான்கு முறை கைமாறிய மண் அல்லவா. பிரான்ஸின் பெரும்பகுதிக்கு இல்லாத இரண்டு விடுமுறை இங்கே உண்டு, புனித வெள்ளியும் டிசம்பர் 26ஆம் தேதியும். அந்த நாட்களில் போனால் கடை அடைத்திருக்கும், முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

வடக்குத் தெற்காக ஓடும் ஏ35 நெடுஞ்சாலைக்கு டோல் இல்லை. கிராமங்களுக்குள் தெரு குறுகல் என்றாலும் உள்ளே ஓட்ட வேண்டிய அவசியம் இல்லை. மதிலுக்கு வெளியே காசு கொடுத்து நிறுத்திவிட்டு நடப்பதுதான் வழக்கம். ஓட்ட ஆசை வந்தால் மலைமேல் முகட்டுச் சாலை இருக்கிறது. 1,424 மீட்டர் உயர கிராண்ட் பலோன் அதன் மேல்தான். பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள்.

எல்லாம் சரி, ஆனால் எனக்கு இங்கே ஓர் உறுத்தல் உண்டு. ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து கோல்மாருக்கு அரை மணி நேரத்தில் ரயில் போகிறது, நாள் முழுக்க அடிக்கடி ஓடுகிறது. முக்கியமான கிராமங்களுக்குப் பேருந்தும் உண்டு. ஏழு நாளைக்கும் கார் எடுத்தால் மூன்று நாள் அது பார்க்கிங்கில்தான் தூங்கும். மூன்று நாளுக்கு மட்டும் எடுத்தால் போதும். இன்னொன்று, வைன் சாலைக்கு வந்துவிட்டு ஓட்டுநர் என்ன செய்வார்? இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு, புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கு 0.2. ருசி பார்த்துத் துப்புவதற்குத் தொட்டி வைத்திருப்பார்கள். துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பாசல்-முலூஸ் விமான நிலையத்தில் கார் எடுப்பவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. பிரெஞ்சு மண்ணில் உள்ள அந்த நிலையத்துக்குச் சுவிஸ் பக்கம் ஒன்று, பிரெஞ்சுப் பக்கம் ஒன்று என இரண்டு வாசல். எந்தப் பக்கத்தில் எடுத்தீர்களோ அந்தப் பக்கத்தில்தான் திருப்பிவிட வேண்டும். விலையும் இரண்டு பக்கமும் வேறு. பதிவு செய்யும்போது பார்த்துச் செய்யுங்கள்.

சைவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். பார்க்க மெல்லிய பீட்சா மாதிரி இருக்கும் தார்த் ஃபிளாம்பேயில் பன்றி இறைச்சித் துண்டு கட்டாயம் இருக்கும். காளான் போட்டது என்று சொல்வதிலும் அது கூடவே வரும். வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிட்டுச் செய்வார்கள்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்காக வருகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் சந்தை 1570இலிருந்து நடக்கிறது. அறை வாடகை எகிறிவிடும், கிராமங்களில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அந்த மாதத்தில் ரயில்தான், காரே வேண்டாம்.

## தொர்தோன்: கார் இல்லாமல் நடக்காது, காரோடு சுலபமும் இல்லை

பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பெரிகோர் என்ற பழைய பெயரில்தான் அழைப்பார்கள். சார்லா என்ற சின்ன ஊர், அதைச் சுற்றி ஓக் காடு, வால்நட் தோப்பு, இரண்டு ஆறு, ஆற்றங்கரைக் குன்று ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டை. நூறாண்டுப் போரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கஸ்தெல்நோவில் ஆங்கிலேயர், இந்தப் பக்கம் பெய்நாக்கில் பிரெஞ்சுக்காரர். கண்ணுக்கெட்டும் தூரத்தில் நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் ஒன்றின் மேல் ஏறினால் மற்றது எதிரே தெரியும். நடுவே ஆற்றில் கயாக் படகில் பிள்ளைகள் துடுப்பு போட்டுக்கொண்டு போவார்கள். படகை எடுத்த இடத்துக்கே வேனில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

சார்லாவிலிருந்து பெய்நாக் 10 கி.மீ., லாஸ்கோ குகை 25, குன்றின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் ரொக்கமதூர் 50க்குச் சற்று மேல். அதையும் தாண்டிக் கால் மணி நேரம் போனால் பதிராக். தரையில் திடீரென்று 75 மீட்டர் ஆழத்துக்கு வாய் பிளந்த பள்ளம், அதன் அடியில் படகில் போகும் பாதாள ஆறு.

லாஸ்கோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் "அது போலிதானே, எதற்குப் போக வேண்டும்?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆதிமனிதர்கள் ஓவியம் தீட்டிய, 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் கண்டெடுத்த குகை அது. 1948இல் மக்களுக்குத் திறந்தார்கள். கூட்டத்தின் மூச்சுக்காற்றே சுவரில் பாசி படிய வைத்ததால் 1963இல் மூடிவிட்டார்கள். இப்போது நாம் பார்ப்பது 2016 டிசம்பரில் மோந்திஞாக்கில் திறந்த முழு அளவுப் பிரதி. போலிதான், ஆனால் பாறையின் மேடுபள்ளத்தை மாட்டின் வயிறாகவும் தோளாகவும் அந்த மனிதர்கள் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது அங்கே துல்லியமாகத் தெரிகிறது. அசலையே பார்க்க வேண்டும் என்றால் லே-ஸெஸி ஊரில் ஃபோன்-த-கோம் இருக்கிறது. வண்ணம் தீட்டிய மூல ஓவியம். ஒரு நாளைக்குச் சிலரைத்தான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு இல்லாமல் போய் நிற்காதீர்கள்.

இனி சாலைக்கு வருவோம். பெரிய சாலைகள் நன்றாக இருக்கின்றன. சிக்கல், நீங்கள் வாடகைக்கு எடுத்த கல்வீட்டுக்குப் போகும் கடைசி 5 கி.மீட்டரில். ஒரு வண்டி அகலம், இரண்டு பக்கமும் கல்சுவர் அல்லது வாய்க்கால், எதிரே டிராக்டர். ஜிபிஎஸ் "மிகக் குறைந்த தூரம்" என்று காட்டுகிற வழி பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். வேகமான வழியைத் தேர்ந்தெடுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும், வரைபடத்தைக் கைப்பேசியில் முன்னாலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். இரவில் தெருவிளக்கு இருக்காது, மானும் காட்டுப்பன்றியும் குறுக்கே வரும். பின்னால் உள்ளூர்க்காரர் ஒட்டிக்கொண்டே வந்தால் பதற வேண்டாம். இடம் கிடைத்ததும் ஒதுங்கி அவரைப் போகவிடுங்கள். கை தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

போய்ச் சேர்வதும் லுவார் மாதிரி இல்லை. பாரிஸ் ஓஸ்டெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து பிரீவுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். அங்கே கார் எடுத்து ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் டிஜிவியில் இரண்டு மணி நேரத்தில் போர்தோ, அங்கிருந்து காரில் இரண்டரை, மூன்று மணி நேரம். எப்படிப் பார்த்தாலும் போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடும். ஏழு இரவுக்குக் குறைவாக இருந்தால் இந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

சாப்பாடு இங்கே வாத்து ராஜ்ஜியம். வாத்துக்கால், வாத்து ஈரல், வாத்துக் கொழுப்பு. சைவர்கள் "உருளைக்கிழங்குதானே" என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்: சார்லா உருளைக்கிழங்கு என்பது பூண்டு போட்டு வாத்துக் கொழுப்பில் வதக்கியது. அதனால் அடுப்படி உள்ள வீடாக எடுங்கள். சார்லாவில் புதனும் சனியும் சந்தை. ஸ்ட்ராபெரி, வால்நட், சின்னச் சின்ன ஆட்டுப்பால் சீஸ், கத்திரிக்காய், பீன்ஸ் எல்லாம் வந்து குவியும். லா ஷப்பேலில் வாங்கிய துவரம்பருப்பு இங்கே கைகொடுக்கும்.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஆகஸ்டில் சார்லாவுக்குள் நுழையவே வண்டிகள் வரிசையில் நிற்கும். நவம்பருக்கு மேல் பாதி உணவகங்கள் மூடியிருக்கும்.

## லுபரோன்: மாதம் தப்பினால் எல்லாம் தப்பு

லியோன் நிலையத்திலிருந்து டிஜிவியில் அவிஞோன் இரண்டேமுக்கால் மணி நேரத்துக்குள். (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், லியோன் நிலையம் பாரிஸில்தான் இருக்கிறது.) அங்கே கார் எடுத்தால் கோர்ட் 40 கி.மீ. சொச்சம். கோர்ட், ரூசியோன், போன்னியூ, மெனெர்ப், லூர்மாரென், எல்லாம் ஒன்றுக்கொன்று முக்கால் மணி நேரத்துக்குள். ரூசியோனில் மண்ணே காவி. கையில் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், வெள்ளைச் செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

லாவெண்டருக்காகத்தான் வருகிறீர்கள் என்றால் நாள்காட்டியை முதலில் பாருங்கள். வலான்சோல் மேட்டுநிலத்தில் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை. உயரமான சோல்ட் பக்கம் ஜூலைக் கடைசி வரை தாங்கும். ஆகஸ்டில் போனால் அறுத்த தாள்தான். வலான்சோல் லுபரோனுக்குள் இல்லை, கோர்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் என்பதையும் படங்கள் சொல்லாது. 1148இல் நிறுவிய செனோங்க் மடத்தின் முன்னால் இருக்கும் வயல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் சின்னது.

லாவெண்டர் பூக்கும் அந்த நான்கு வாரம்தான் அறை வாடகையும் வெயிலும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும் நேரம். 35 பாகை சாதாரணம். சென்னை வெயில் பார்த்தவர்களுக்கு இதென்ன என்று நினைக்கலாம், ஆனால் பழைய கல்வீடுகள் பலவற்றில் ஏசி இருக்காது. மிஸ்ட்ரல் என்ற வடகாற்று அடித்தால் நாள்கணக்கில் அடிக்கும். காட்டுத்தீ அபாயம் உள்ள நாட்களில் மலைப்பாதைகள் சிலவற்றை மூடிவிடுவார்கள். கோடைச் சனிக்கிழமைகளில் ஏ7 நெடுஞ்சாலை நகராது. எந்த நாள் எவ்வளவு மோசம் என்று பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என நிறம் போட்டு அரசே முன்னறிவிப்பு தருகிறது. கறுப்பு நாளில் வண்டியை எடுக்காதீர்கள். காட்சிமுனை பார்க்கிங்குகளில் கண்ணாடியை உடைத்துப் பை திருடுவதும் இந்தப் பக்கம் கேள்விப்படாத விஷயம் இல்லை. இருக்கையில் எதையும் விடாதீர்கள்.

வெர்தோன் பள்ளத்தாக்கை இதோடு சேர்க்கச் சொல்லிப் பலர் கேட்பார்கள். 700 மீட்டர் ஆழம், விளிம்பிலேயே சாலை. இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சைவச் சாப்பாட்டுக்கு நான்கில் இதுதான் முதலிடம். ரத்தத்தூய் என்ற காய்கறிக் கூட்டு, பேசில் இலை அரைத்து விட்ட காய்கறி சூப், கவயோன் முலாம்பழம், ஆலிவ் எண்ணெய். தபெனாட் என்ற ஆலிவ் துவையலில் மட்டும் நெத்திலி கலந்திருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். லாவெண்டர் வேண்டாம், கிராமங்கள் போதும் என்று மே மாதத்திலோ செப்டம்பரிலோ போனால், மேலே சொன்ன குறைகளில் பாதி இருக்காது.

## ஒரே பார்வையில்

| | லுவார் | அல்சாஸ் | தொர்தோன் | லுபரோன் |
|---|---|---|---|---|
| பாரிஸிலிருந்து ரயில் | 1 மணிக்குச் சற்று மேல் | 1¾ மணி | 4 மணிக்கு மேல் (பிரீவ்) | 2¾ மணிக்குள் |
| கார் எடுத்ததும் முதல் சாலை | சமதளம் | சமதளம் | வளைவு, குன்று | சமதளம், கடைசியில் ஏற்றம் |
| கார் இல்லாமல் முடியுமா | சிரமத்தோடு | பாதிக்கு மேல் முடியும் | முடியாது | முடியாது |
| சைவம் | பரவாயில்லை | கேட்டு வாங்க வேண்டும் | வீட்டில் சமைத்தால் உண்டு | நன்றாக |
| எப்போது | ஏப்ரல் முதல் அக்டோபர் | மே முதல் அக்டோபர் | மே, ஜூன், செப்டம்பர் | மே, செப்டம்பர். பூவுக்கு ஜூன் கடைசி |
| பர்ஸைக் கடிப்பது | நுழைவுச் சீட்டு | டிசம்பர் வாடகை | போக்குவரத்து நேரம், வீட்டுச் செலவு | சீசன் வாடகை |

## விலைப்பட்டியலில் தெரியாத செலவு

நான்கு இடத்துக்கும் பொது இது. பிரான்ஸில் சாதாரணமாகக் கிடைப்பது கியர் வண்டி. ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் வாடகை கணிசமாகக் கூடும், சின்ன ஊர்களில் கிடைக்காமலும் போகும். முதல் பயணத்துக்கு அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். சாலையையும் பலகையையும் பார்க்க மூளையில் இடம் மிச்சமாகும்.

வண்டிக்குச் சேதம் என்றால் நீங்கள் கட்ட வேண்டிய தொகை ஆயிரம் யூரோவைத் தாண்டுவது சகஜம். அதை ஓட்டுநர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில் பிடித்துவைப்பார்கள். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. இந்திய உரிமத்தோடு ஆர்டிஓவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணம். சின்ன நிலையங்களின் வாடகை அலுவலகங்கள் மதியம் மூடும், ஞாயிறு திறக்காது. எனக்கே ஒருமுறை 12:10க்கு ரயில் போய்ச் சேர்ந்தது, இரண்டு மணி வரை பெட்டிகளின் மேல் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன்.

பெட்ரோல் பங்கில் "கஸோல்" என்று எழுதியிருந்தால் அது டீசல். ஆங்கிலம் தெரிந்தவர்கள் அதைப் பெட்ரோல் என்று நினைத்து ஊற்றிவிடுவதுண்டு. நெடுஞ்சாலைப் பங்கைவிட சூப்பர்மார்க்கெட் பங்கில் விலை குறைவு. ஆளில்லாத பங்குகள் முதலில் நூறு யூரோவுக்கு மேல் கார்டில் முடக்கிவைத்து, பிறகு மீதியை விடும். வேகக் கேமராவில் சிக்கினால் அபராதம் தனி, உங்கள் விலாசத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் வாங்கும் கட்டணம் தனி. தங்கும் வீட்டுக்குச் சுத்தம் செய்யும் கட்டணம், படுக்கை விரிப்புக் கட்டணம், ஊர் வரி என்று மூன்று சேரும். ஜூலை, ஆகஸ்டில் பல வீடுகளைச் சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமைவரை முழுவாரமாகத்தான் தருவார்கள்.

சாலை விதியில் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்துச் சந்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை, அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும். கிராமத்துக்குள் இது அடிக்கடி வரும். மஞ்சள் வைரப் பலகை தெரிந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அதே பலகையில் கறுப்புக் கோடு போட்டிருந்தால் அது முடிந்தது.

## சரி, யாருக்கு எது

வலப்பக்கம் ஓட்டவே பயம், ஒரே ஓட்டுநர், கூட வயதானவர்கள்: லுவார். முதல் பயணத்துக்கு என்னிடம் ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன், அழகில் மற்றவை மிஞ்சினாலும்.

நான்கைந்து நாள்தான் இருக்கிறது, ஓட்டுவதில் பெரிய ஆசையும் இல்லை: அல்சாஸ், கார் மூன்று நாளுக்கு மட்டும்.

மலைச்சாலை ஓட்டிப் பழகியவர், முழு ஒரு வாரம், பிள்ளைகள், வீட்டில் சமைத்துச் சாப்பிடத் தயார்: தொர்தோன். கொடைக்கானல் சாலையில் பேருந்துக்கு வழிவிட்டுப் பழகியவருக்கு இந்தக் குறுகல் பெரிய விஷயம் இல்லை.

லாவெண்டர் இல்லாமல் ஊர் திரும்ப முடியாது என்பவர்கள் ஜூன் கடைசியில் லுபரோன் போகட்டும், ஆறு மாதம் முன்னால் அறை போடட்டும். மற்றவர்கள் செப்டம்பரில்.

நார்மண்டியை ஏன் விட்டேன் என்றால், அங்கே பார்க்க வேண்டியவை தூரதூரமாகச் சிதறிக்கிடக்கின்றன. எத்ரெத்தாவின் சுண்ணாம்புப் பாறையிலிருந்து மோன்-சேன்-மிஷேலுக்கு 200 கி.மீ.க்கு மேல். 1944 ஜூன் 6 தரையிறங்கல் நடந்த கடற்கரைகளுக்காகவே போகிறவர்கள் பாயூவில் தங்கிப் பார்க்கலாம், அது நல்ல பயணம்தான். பாரிஸிலிருந்து அந்தப் பக்கம் போகும் ஏ13இல் டோல் சாவடியே கிடையாது, கேமரா நம்பரைப் படித்துக்கொள்ளும். 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நீங்களாகவே கட்ட வேண்டும், மறந்தால் அபராதம்.

இரண்டு வாரம் இருப்பவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் கஷ்டமே இல்லை. அம்புவாஸில் நான்கு இரவு தங்கிக் கையைப் பழக்கிக்கொண்டு, லோஷ், ஷாத்தோரூ வழியாக ஏ20ஐப் பிடியுங்கள். பிரீவ் வரை டோல் இல்லாத நெடுஞ்சாலை. சார்லாவுக்கு நான்கரை மணி நேரம் ஆகும். வழியில் சாப்பிடுவதென்றால் பன்னிரண்டரைக்கே நிறுத்திவிடுங்கள். இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், அப்புறம் ஏழு மணி வரை பெட்ரோல் பங்க் சாண்ட்விச்தான்.